ஹில்டாவின் பாதை: ஸ்லாட்டன் வரலாற்றில் அடிக்கப்பட்ட பத்தி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் ஒரு மூலையில் இருக்கும் எங்கள் ஸ்லாட்டன் கிராமத்துத் தேவாலயப் பங்கின் வரலாற்றைச் சிறுபுத்தகமாக எழுதித் தரும்படி ஊர்மன்றம் கேட்டது. எழுதினேன். ஹில்டாவின் பாதையைப் பற்றிய பத்தியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்கள்.

முதல் தொடக்கம்: "பசும் மேடுகளின் மடியில் உறங்கும் ஸ்லாட்டன்..." (உறங்குகிறதாம்! அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "நார்மன் காலத்துக் கோபுரம், எண்கோண ஞானஸ்நானத் தொட்டி, மின்னல் பிளந்த யூ மரம்..." (எல்லாம் உண்மை. யாருக்கும் வலிக்காத உண்மை.)

2

ஹில்டா கிராபுக்கு எண்பத்தொரு வயது. அவள் வாசலிலிருந்து கணவர் ஏர்னஸ்டின் கல்லறைக்கு ஒற்றையடிப் பாதையில் பத்து நிமிடம். பாதை ஊர்ப் பணக்காரரின் மாளிகைப் புல்தரை நடுவே போகிறது. இல்லை, போயிற்று. இப்போது அங்கே மாளிகைக்காரர் எழுப்பிய சுவர். சாலை வழியே சுற்றினால் மூன்று மைல். அவளுக்கோ இடுப்பெலும்பு முறிந்து கூடியிருக்கிறது.

3

எல்லையும் பொதுவழியும் மறந்துபோகாமலிருக்க, பழைய வழக்கப்படி ஒவ்வொரு மே மாதமும் ஊரே கம்போடு எல்லையைச் சுற்றிவந்து எல்லைக்கற்களை அடிப்போம். ஒரு கல் அந்தப் புல்தரையில், பாதையோரம் இருக்கிறது. ஒரு வருடம் மாளிகைக்காரர்கள் அங்கே தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்கள். தொந்தரவு செய்வானேன் என்று சுற்றிப் போனோம். அடுத்த வருடமும் அப்படியே. இருபத்திரண்டு வருடம் இப்படிப் போயிற்று.*

(* ஹில்டா மட்டும் தினமும் அதில் நடந்தாள். அது பொதுவழியா என்று விசாரணை நடந்தபோது, அவள் நடந்தது நான் கொடுத்த சலுகை என்றார் மாளிகைக்காரர். பொதுவழி என்றால் ஊர் ஏன் சுற்றிப் போயிற்று என்றும் கேட்டார். பொதுவழி இல்லை என்று தீர்ப்பாயிற்று; சுவர் எழுந்தது.)

4

ஊர்மன்றக் கூட்டத்தில் தலைவர் ஜெரால்ட் என்னிடம் சொன்னார்: "அந்தப் பத்தி வேண்டாம்ப்பா. வீண் மனஸ்தாபம்."

"யாருக்கு? ஹில்டாவுக்கு இல்லையா?"

"அவங்க ரொம்ப நல்லவங்க. வாயே திறக்க மாட்டாங்க."

பின்வரிசையிலிருந்து ஹில்டா திறந்தாள்.

"ஏன் ஜெரால்ட், நாளைக்கு என் சவப்பெட்டியைத் தூக்கிட்டுப் போறப்பவும் சுத்தித்தான் போவீங்களா? இல்ல, அவங்க டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் என்னை வெளியில வச்சிருப்பீங்களா?"

ஜெரால்ட் ஜன்னலைப் பார்த்து, மழை வரும் போலிருக்கிறது என்றார்.

5

மூன்றாம் பகுதியில் 'சுற்றிப் போனோம்' என்று எழுதியவன் மேல் எனக்குச் சந்தேகம். கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும் கோழை அவன். அந்த முதல் வருடம் வரிசையின் முன்னால் நடந்தவன் நான். தொப்பியைத் தூக்கி, "மன்னிக்கணும், நாங்க இப்படிச் சுத்திப் போயிடறோம்" என்று இளித்தவனும் நான்தான். வெட்கமாக இருக்கிறது.

6

ஒரு முடிவு: ஊர் திரண்டு சுவரை இடிக்கிறது. (யார்? தெரியாமல் மோதினால் சுவரிடமே மன்னிப்புக் கேட்கிற நாங்களா?)

இன்னொன்று: மாளிகைக்காரர் மனம் திருந்தி... (த்தூ.)

முடிவு என்னிடம் இல்லை. புத்தகத்தின் நடுப்பக்கத்தில் வரைபடம் இருக்கிறது. அதில் பாதையைப் போட மன்றம் விடவில்லை. ஹில்டாவின் வாசலுக்கு ஒரு புள்ளி, ஏர்னஸ்டின் கல்லறைக்கு ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். நடுவே வெற்றிடம்.

பென்சிலை எடுங்கள். கோடு போடுங்கள். நேராக. என்னைப் போல மரியாதை பார்த்து வளைத்தீர்களோ, கையை முறித்துவிடுவேன்.