கொசுறாக வந்த எட்டு பின்

இளவரசியின் நல்ல பேருக்கு விலை நானூற்று எண்பது ரூபாய். ஸ்பிரிங் பின் ஒன்று அறுபது, மொத்தம் எட்டு பின். அந்தக் காசையும் கடலூர் தேவநாதன் கொடுக்கவில்லை. கொசுறாகக் கேட்டு வாங்கிவிட்டான்.

பண்ருட்டியில் முந்திரி மண்டி வைத்திருக்கும் குடும்பம் அவனுடையது. எடை போட்ட பிறகு மேலே ஒரு கை விழாவிட்டால் அங்கே வியாபாரம் முடிந்ததாகவே அர்த்தமில்லை. அதே பழக்கத்தோடு எலக்ட்ரானிக் போர்டுகளைச் சோதிக்கும் ஜிக் செய்யும் தொழிலுக்கு வந்தான். போர்டை ஜிக்கில் வைத்து அழுத்தினால் அடியிலுள்ள ஸ்பிரிங் பின்கள் அதைத் தொட்டுப் பார்க்கும். நல்லதென்றால் பச்சை விளக்கு, பழுதென்றால் சிவப்பு.

சென்னையில் பார்த்துப் பார்த்துப் பல்முனை பின்களாகத் தேர்ந்தெடுத்தவன், கடைசி எட்டை மட்டும் "மேல போடுங்க மாமா" என்றான். கடைக்காரர் சிரித்தபடி பக்கத்து டப்பாவிலிருந்து அள்ளிப் போட்டார். அதே நீளம், அதே தங்க முலாம். இவனும் முனையைப் பார்க்கவில்லை. ஓசியில் வந்ததை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

இன்று சிதம்பரத்தில், அந்த ஜிக்கை வாங்கிய ஸ்ரீதரின் போர்டு பட்டறைக்கு, இன்னொரு ஜிக்குக்கு ஆர்டர் வாங்க வந்திருந்தான்.

"உன் ஜிக்கு ஏ ஒன் மச்சான். ஆளுதான் சரியில்ல. கனெக்டர் பக்கம் ஒரே சிவப்பு. அங்க கையால ஈயம் பத்த வெக்கிறது இந்த இளவரசிதான். திங்கக்கெழமலேர்ந்து வராதன்னுட்டேன்."

அவள் தலை நிமிராமல் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். தேவநாதன் ஒரு போர்டை எடுத்து லென்ஸில் பார்த்தான். பற்றவைப்பு பளபளவென்று இருந்தது. ஜிக்கைத் திறந்தான். கனெக்டர் வரிசையில் எட்டும் உருண்டை முனை. பல்முனை, ஈயத்தின் மேல் படியும் பிசுக்கைக் குத்திக்கொண்டு இறங்கும். உருண்டை, அதன் மேலேயே உட்கார்ந்துவிடும்; நல்ல போர்டுக்கும் சிவப்பு எரியும்.

சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போகலாம். நாளையே பச்சை எரியும். 'திட்டினதும் திருந்திட்டா பாரு' என்பான் ஸ்ரீதர். அப்போதும் தப்பு அவள் மேலேயே நிற்கும்; தேவநாதன் திறந்த ஜிக்கை ஸ்ரீதர் பக்கம் திருப்பினான்.

"மச்சான், அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. முனை மாறின ஓசி பின்ன நாந்தான் சொருவி வெச்சேன்."

"அடப்பாவி! எங்கிட்ட எட்டுக்கும் சேத்துத்தானய்யா பில்லு போட்ட!"

ஆர்டர் போனது அப்போதே தெரிந்துவிட்டது. ஸ்ரீதர் இளவரசியை வராந்தாவுக்குக் கூப்பிட்டான்.

"ஜிக்குல கோளாறாம்மா. நீ வேலய விட்டு நிக்க வேணாம், போய் வேலயப் பாரு."

அவள் நகரவில்லை. "மூணு தபா திட்டுனீங்க சார். மூணும் உள்ள, எல்லாரு முன்னாடியும். இது வராந்தா."

ஸ்ரீதர் தேவநாதனைப் பார்த்தான்.

"அவுங்க கொசுறு கேக்கல மச்சான். அசலத்தான் கேக்குறாங்க" என்றான் தேவநாதன்.

ஸ்ரீதர் உள்ளே போய், தொண்டையைச் செருமி, எல்லோருக்கும் கேட்கும்படி ஒருமுறை சொன்னான்: "இளவரசி வேலையில தப்பே இல்ல. நாந்தான் தெரியாம பேசிட்டேன்."

இளவரசி பற்றுக்கோலைக் கையில் எடுத்தாள்.

"ஒண்ணு வந்துடுச்சி சார். ரெண்டு பாக்கி."