கட்டெறும்பு தலைமையில் முதல் கூட்டம்

அலமாரியின் மேல்தட்டில் நீலக் கோடு போட்ட சட்டை இல்லை. நடுத்தட்டிலும் இல்லை. மருமகள் கீழ்த்தட்டுக்குக் குனிந்தபோது கூடத்திலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது.

“கிடைச்சுதா அண்ணி? அதைத்தான் போட்டு அனுப்பணும். அப்பாவுக்கு அதுதான் பிடிக்கும்.”

“தேடிட்டுத்தான் இருக்கேன்.”

மாமனார் நேற்று மாலை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். கடைகளின் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்தும் ஆய்வாளராக முப்பது வருடம் இருந்தவர். போன விதத்திலும் இழுபறி வைக்கவில்லை. இளைய மகன் விமானத்திலிருந்து இறங்கி வந்ததும், ஆறு மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. இப்போது மூன்று நாற்பது.

அவள் கைப்பேசி சிணுங்கியது. இன்னும் இருபது நிமிடத்தில் முதல் கூட்டம் என்று நினைவூட்டியது. நேற்றிலிருந்து அது அவள் நினைவிலேயே இல்லை.

வலைப்பதிவு எழுதும் ஆறு பேர் சேர்ந்து இணையத்தில் தொடங்கும் வாசகர் வட்டம் அது. மாதம் ஒரு புத்தகம், ஒரு மணி நேரம் பேச்சு. ஒருவருக்கும் மற்றவரின் புனைபெயரைத் தவிர எதுவும் தெரியாது. அவள் பெயர் ‘பின்வாசல்’. யோசனை அவளுடையது. விதிகளை எழுதி, ஆட்களைப் பிடித்து, தேதி குறித்தது ‘கட்டெறும்பு’ என்ற பதிவர். புத்தகங்களைப் பற்றிப் பத்தே வரியில் எழுதுவார், சுருக்கென்று கடிக்கும். முப்பது வயதுக்குள் இருக்கும் கல்யாணமாகாத பையன் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள்.

குழுவில் தட்டினாள்: “இன்று என்னால் வர இயலாது. மாமனார் காலமாகிவிட்டார்.”

கதவுக்குப் பின்னால் ஏதோ விர்ரென்று அதிர்ந்தது.

“அய்யோ, பின்வாசல்!” என்று எழுதினார் ‘மழைக்கோட்டு’. மறுபடி விர்ர்.

“ஆழ்ந்த இரங்கல்” என்றார் ‘சோம்பேறி’. விர்ர்.

கதவைத் தள்ளிப் பார்த்தாள். கொக்கியில் நீலக் கோடு போட்ட சட்டை தொங்கியது. பையில் மாமனாரின் கைப்பேசி. அதற்குப் பூட்டு கிடையாது, தொட்டதும் திறந்துகொண்டது. அவள் அனுப்பிய செய்தி, அதன் கீழ் மற்றவர்களின் இரங்கல். மேலே, கணக்குக்கு உரியவரின் பெயர்: கட்டெறும்பு.

சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. அவளுடைய பதிவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. யாராவது மோப்பம் பிடித்துவிடுவார்கள் என்ற பயம். வீடு மட்டும் உண்டு. வீட்டில் முக்கியமான பாத்திரம் ‘மாண்புமிகு’. கடைக்காரர் நிறுத்துக் கொடுத்த தக்காளியை வீட்டில் மறுபடி நிறுத்துப் பார்க்கும் மாண்புமிகு. ஏழு வருடமாக அவள் சமையலைப் பற்றி “போதும்” என்ற ஒரே விமர்சனம் வைத்திருக்கும் மாண்புமிகு. அந்தப் பதிவுக்கு ஊரே சிரித்தது. கட்டெறும்பு மட்டும் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்: “தட்டில் மிச்சம் வைத்தாரா என்று எழுதவில்லையே?”

“மாண்புமிகுவுக்கு வக்காலத்தா? நீங்கள் அவருக்கு என்ன, ஒன்றுவிட்ட தம்பியா?” என்று இவள்.

“எல்லாக் கிழங்களும் எனக்குச் சொந்தம்” என்று அவர்.

தெரிந்துதான் எழுதினாரா? தெரியாமலா? தெரியாதென்றால் ஒரு கிழவர் யாரோ ஒருத்தியிடம் பொழுதுபோக வம்பளந்திருக்கிறார், அவ்வளவுதான். தெரிந்திருந்தால்? இந்த அறையில் உட்கார்ந்து அத்தனையையும் படித்துவிட்டு, காலை எட்டு மணிக்கு வந்து அவள் எதிரில் அமர்ந்து சாப்பிட்டிருக்கிறார். கூட்டத்தில் முகமும் வேண்டாம், குரலும் வேண்டாம், எழுத்து மட்டும் போதும் என்று பிடிவாதம் பிடித்தது அவர்தான். குரலை மறைத்தது யாரிடமிருந்து? எல்லோரிடமிருந்துமா, இவளிடமிருந்து மட்டுமா?

“சட்டையைக் கையில வச்சுட்டே உக்காந்துட்டீங்களா?” நாத்தனார் வாசற்படியில் நின்றாள். அழுது கண் வீங்கியிருந்தது.

“இந்தா. ஒண்ணு கேக்கறேன். மாமா என்னைப் பத்தி உங்கிட்ட ஏதாவது சொல்லியிருக்காரா?”

“அப்பாவா? என்னைப் பத்தியே எங்கிட்ட சொன்னதில்ல. போன் பண்ணா ‘ம், சொல்லு’ம்பார். சொல்லி முடிச்சா ‘ம், வை’ம்பார். நடுவுல மூச்சு சத்தம் மட்டும்தான்.”

“போன்ல ஏதோ எழுதிட்டே இருப்பாரே.”

“யாருக்குப்பா இவ்வளவு எழுதறீங்கன்னு போன தடவை கேட்டேன். ‘மேலிடத்துக்கு’ன்னார். ரிட்டயர் ஆகி பன்னெண்டு வருஷம் ஆச்சு, எந்த மேலிடம்?” சிரிப்பு வந்து, பாதியில் உதடு கோணியது. சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

அடுத்து கணவன் தலையை நீட்டினான். “இன்னும் பத்து சேர் வேணுமாம். உன் பர்ஸ்ல அந்தப் பந்தல்காரர் நம்பர் இருக்கா?”

“டி.வி. மேல ஒட்டியிருக்கு.”

“நீ ஏதாவது குடிச்சியா?”

“அப்புறம். கதவைச் சாத்திட்டுப் போங்க.”

சாத்தினான். அவள் மாமனாரின் கைப்பேசியை மறுபடி எடுத்தாள். இன்னொருவர் பையில் கைவிடுவதுபோல் கூசியது. விட்டுவிடவும் முடியவில்லை. குறிப்புகள் என்ற இடத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. முந்தாநாள் எழுதியது.

“முதல் கூட்டம்.

வரவேற்பு இரண்டு வரி. மூன்றாவது வரி வந்தால் தூங்கிவிடுவார்கள்.

மழைக்கோட்டு புத்தகத்தைப் படித்திருக்கமாட்டார். கேட்டு மானத்தை வாங்கக் கூடாது.

பின்வாசல் முதலில் பேசட்டும். நாலரைக்கு எக்ஸ்ரே ரூமுக்குக் கிளம்ப வேண்டும். அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது முக்கால் மணி கழித்து.

சோம்பேறி சண்டைக்கு வருவார். வரட்டும்.”

பின்வாசலைப் பற்றிய மூன்றாவது குறிப்பை அவள் இன்னொரு முறை படித்தாள். பிறகு நான்காவதையும் படித்தாள், அதில் ஒன்றும் இல்லாவிட்டாலும்.

கூடத்தில் யாரோ புதிதாக வந்திருக்க வேண்டும். அழுகை எழும்பி அடங்கியது.

மணி நான்கு. அவளுடைய கைப்பேசியில் வரிகள் வந்து விழுந்தன.

“கட்டெறும்பு பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி எரியுதே. தலைவர் வந்துட்டார்!” என்றார் மழைக்கோட்டு.

“வணக்கம் தலைவரே. பின்வாசல் வீட்ல துக்கம். இன்னொரு நாள் வச்சுக்கலாமா?” என்றார் சோம்பேறி.

“தலைவர் சொல்றதுதான்.”

“தலைவர் என்ன, மௌன விரதமா?”

பச்சைப் புள்ளி எரிவது அவள் இதைத் திறந்து வைத்திருப்பதால்தான். மூடினால் அணைந்துவிடும். கட்டைவிரல் பொத்தான்மேல் நின்றது. அழுத்தவில்லை. அவர் பெயரில் எழுதுவதற்கும் கை வரவில்லை. தன் கைப்பேசியை எடுத்துத் தட்டினாள்.

“தள்ளி வைக்க வேண்டாம். நான்தான் முதலில் பேச வேண்டும். எனக்கு நாலரை வரை நேரம் இருக்கிறது. கட்டெறும்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.”

“சரி, சொல்லுங்க” என்று ஐந்தாமவர் எழுதினார். மற்றவர்கள் அடங்கினார்கள்.

மாமனாரின் கைப்பேசியில் மின்சாரம் மூன்று சதவீதம் என்று சிவப்பாகக் காட்டியது. கட்டிலுக்கு அடியில் துழாவி சார்ஜரைக் கண்டுபிடித்தாள். ஒயர் குட்டை, கட்டில்வரை எட்டவில்லை. சொருகிவிட்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அந்தக் கைப்பேசியைத் திரை அணையாமல் மடியில் வைத்துக்கொண்டு, புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் தனக்குப் பிடிக்காத இடம் எது என்று எழுத ஆரம்பித்தாள்.