நாலு கிலோ முந்நூறு

தராசுக்காரரின் வலது கை மணிக்கட்டோடு தொங்கிப்போய் மூன்று வாரமாகிறது. விரல்கள் மடங்கும், நிமிராது. யாருக்காவது கும்பிடு போட்டால் இடது கை கும்பிடும். வலது கை தலையைத் தொங்கப் போட்டு மன்னிப்புக் கேட்கும்.

காரணம் கேட்டவர்களுக்கு ஆளுக்கொன்று வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரருக்கு மாடிப்படி வழுக்கியது. மருந்துக்கடைக்காரருக்குப் பேருந்துக் கதவு. நரம்பு டாக்டருக்குக் குளியலறை. மனைவிக்கு மட்டும் காரணம் எதுவும் சொல்லவில்லை, கை தொங்குவதையே சொல்லாததால்.

அவள் மகளின் பிரசவத்துக்கு விமானம் ஏறி ஏழு மாதம். புறப்படும்போது மூன்று மாதம் என்றுதான் பேச்சு. பிறகு பேத்திக்குச் சளி, மகளுக்கு முதுகுவலி, மருமகனுக்கு வேலை மாற்றம் என்று வரிசையாக வந்தன. ஒவ்வொரு முறையும் அவள் போனில், இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமா என்பாள். இவரும் தாராளமாக இரு, எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கிறேன் என்பார். போனை வைத்ததும் ராஜா எழுந்து போய்த் தன் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார்.

நாற்பது வருடம் தராசு பழுதுபார்த்த மனிதர். நகைக்கடைத் தராசு முதல் லாரி ஏறும் மேடை வரை அவர் கை படாதது இல்லை. அவர் சரிசெய்த தராசின் முன் நின்று யாரும் பெருமூச்சு விடக்கூடாது, முள் சாய்ந்துவிடும். ஒருமுறை தட்டில் ஈ ஒன்று உட்கார்ந்து எழுந்து போனதைப் பார்த்துவிட்டு, அந்த ஈ காலையிலிருந்து பட்டினி என்று அவர் சொன்னதாக ஊரில் பேச்சு. அது சுத்தப் பொய். ஈ சாப்பிட்டிருந்தது. எவ்வளவு என்பதைத்தான் அவர் சொன்னார்.

ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், லிஃப்டுக்குப் பின்னால் இருந்தது நரம்புச் சோதனை அறை. ஒரு கட்டில், சக்கரம் வைத்த மேசையில் ஒரு மெஷின், அதன் மேல் திரை, பக்கத்தில் சின்ன ஸ்பீக்கர். மெஷினை இயக்கும் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். அவர் கையைத் தொட்டதும் முகம் சுளித்தாள்.

“கை ஐஸா இருக்கே ஐயா. குளிர்ந்த கையில கரண்ட் மெதுவாப் போகும். இல்லாத வியாதியெல்லாம் மெஷின் சொல்லிடும்.”

தராசுக்காரருக்கு அவள்மேல் அப்போதே மரியாதை வந்துவிட்டது. காற்றடிக்கிற வாசலில் தராசை வைத்துக்கொண்டு எடை தப்பு என்று சண்டைக்கு வந்தவர்கள் எத்தனை பேர்! அவள் வெந்நீர்ப் பையைக் கீழே வைத்து, அவர் கையை மேலே வைத்து, அதன்மேல் தன் இரண்டு கைகளையும் வைத்து மூடிக்கொண்டாள். ஐந்து நிமிடம். அவள் பாட்டுக்குச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையை ஏழு மாதமாக யாரும் பிடிக்கவில்லை என்பது தராசுக்காரருக்கு அந்த நிமிடம்வரை உறைத்திருக்கவில்லை. கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று சொல்லி இடது கையால் துடைத்துக்கொண்டார். மூடிய அறையில் எது விழும் என்று அவளும் கேட்கவில்லை.

முன்கையில் பசைத்தாள் வைத்த வயர்களை ஒட்டினாள். இரண்டு முனை வைத்த ஒரு கட்டையை முழங்கைக்குச் சற்று மேலே அழுத்தினாள். சுரீரென்றது. திரையில் ஒரு குன்று எழுந்தது. அதைவிடப் பெரிய அதிசயம், மூன்று வாரமாகக் குப்புறக் கிடந்த ஆள்காட்டி விரல் வெடுக்கென்று நிமிர்ந்து, ஆளைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

“இன்னொரு தடவை பண்ணும்மா,” என்றார் தராசுக்காரர்.

எல்லாரும் போதும் போதும் என்றுதான் கத்துவார்கள், நீங்கள்தான் முதல் ஆள் என்று சிரித்தபடி அவள் கட்டையை மேல்கையின் பின்பக்கமாக மேலே நகர்த்தினாள். தோளை நெருங்கி அழுத்தியபோது குன்று கரைந்து எறும்புப் புற்று ஆகிவிட்டது. விரல் அசையவே இல்லை.

“கீழ நரம்பு நல்லா இருக்கு. மேலேர்ந்து வர்ற செய்தி நடுவுல நிக்குது. சரி, அந்தக் கையைக் காட்டுங்க. நல்ல கையோட ஒப்பிட்டுப் பார்க்கணும்.”

இங்கேதான் தராசுக்காரர் மாட்டிக்கொண்டார். இடது கை காட்டமாட்டேன் என்றார். கூசும் என்றார். பசிக்கிறது என்றார். ஒரு தட்டை மட்டும் வைத்து எடை போட முடியுமா என்று அவள் கேட்டதும் கையை நீட்டினார். இடது பக்கமும் முழங்கையருகே குன்று எழுந்தது. மேலே போனதும் பாதியாகத் தேய்ந்தது. அதே இடம்.

அவள் மெஷினைப் பார்த்தாள். டாக்டரின் சீட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“பாத்ரூம்ல விழுந்தா ரெண்டு கையிலயும் அளவெடுத்த மாதிரி ஒரே இடத்துல அமுங்குமா ஐயா? தூங்கும்போது இந்த இடத்துல தலை வச்சாங்களா யாராவது?”

“வீட்ல நான் மட்டும்தாம்மா.”

“அப்போ வேற என்ன வச்சீங்க?”

தராசுக்காரர் உத்தரத்தைப் பார்த்து, சாட்சிக்கூண்டில் நிற்பவர்போலச் சொன்னார்: “நாலு கிலோ முந்நூறு.”

முப்பத்தாறு வருடம் மனைவியின் தலை அவர் வலது கைமேல் உறங்கியது. அவள் போன பிறகு கை காற்றில் மிதப்பதுபோல இருந்தது, சொன்ன மூன்று மாதம் தாண்டியதும் தூக்கம் அண்டவில்லை. தலையணையை வைத்துப் பார்த்தார். அது யாரோ தெரியாத ஆளின் தலை. மணல் பையில் நாலு கிலோ போட்டார், வெறுமையாக இருந்தது. ஐந்து போட்டார், அது அவள் கோபமாகப் படுத்த நாளின் எடை. கூட்டியும் குறைத்தும் பதினேழு நாள் சோதித்து, நாலு கிலோ முந்நூறில் கண் அசந்தார். மணல் சிந்துகிறது என்று அதே எடைக்குத் தராசின் இரும்புப் படிக்கற்களை எடுத்து அவளுடைய தலையணை உறையில் போட்டுக் கட்டிக் கைமேல் வைத்துக்கொண்டார். வலது கை விழுந்ததும் உறையை இடது கைக்கு மாற்றினார்.

கேட்டுக்கொண்டிருந்த மெஷின் பெண் சிரிக்கவில்லை. உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டதைச் சிரிப்பில் சேர்க்க முடியாது.

டாக்டர் வந்தார். வலது முன்கையில் மெல்லிய ஊசியைச் செருகி ஸ்பீக்கரைக் கூர்ந்து கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. தசை சும்மா இருக்கும்போது மௌனமாக இருந்தால் நல்லது, நரம்பு அறுந்திருந்தால் தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி சத்தம் வரும் என்று அவள் காதோடு சொன்னாள். கையைத் தூக்கப் பாருங்கள் என்றார் டாக்டர். தராசுக்காரர் பல்லைக் கடித்தார். கை அசையவில்லை. ஆனால் ஸ்பீக்கரில் டப் என்றது. கொஞ்சம் விட்டு டப், டப். உள்ளே யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

நரம்பு உயிரோடு இருக்கிறது, அமுங்கியதுதான், இனி எதையும் கைமேல் வைக்காவிட்டால் ஆறு வாரத்தில் எழுந்துவிடும் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

தராசுக்காரரின் மனம் ஆறவில்லை. “அவ தலையும் அதே எடைதாம்மா. என் கணக்கு ஒரு கிராம் தப்பாது. முப்பத்தாறு வருஷம் ஆகாதது மூணு மாசத்துல எப்படி ஆச்சு?”

வயர்களைப் பிய்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: “படிக்கல் விடியவிடிய வச்ச இடத்துலயே இருக்கும் ஐயா. தலை இருக்காது. நீங்க தூங்கினதும் அம்மா எடுத்திருப்பாங்க.”

வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்து, இடது கையால் மனைவிக்குப் போன் போட்டார். அவள் எடுத்ததும், என்ன இந்த நேரத்தில் என்று பதறினாள். அவர் கேட்டார்: “நான் தூங்கினப்புறம் என் கையிலேர்ந்து தலைய எடுத்துடுவியா நீ?”

பின்னால் பேத்தி சிணுங்கியது.

“பின்னே? கை மரத்துப் போயிடாதா உங்களுக்கு? குறட்டை வந்ததும் எடுத்துடுவேன். விடியறதுக்குள்ள திரும்ப வச்சுப்பேன். இல்லேன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுப்பீங்க.”

முப்பத்தாறு வருடம் ஒவ்வோர் இரவும் நடந்த ஒன்று, ஈ சாப்பிட்டதற்கும் எடை சொன்னவருக்குத் தெரியவில்லை.

“ஏங்க, கழுத்து பிடிச்சுக்கிச்சு எனக்கு,” என்றாள் அவள், குரலை இறக்கி. “இங்க தலையணையெல்லாம் ரொம்ப உயரம். அதுக்காக ஒண்ணுமில்ல. நீங்க ராஜா மாதிரி இருக்கீங்கள்ல, இவ இன்னும் ஒரு மாசம் இருன்னு...”

“ராஜாவும் இல்ல மண்ணும் இல்ல,” என்றார் தராசுக்காரர். “கை விழுந்துபோச்சு. ஆஸ்பத்திரில இருக்கேன். ஆறு வாரத்துல தானா சரியாயிடுமாம், நீ வர வேண்டிய அவசியம் எதுவும் இல்ல. ஆனா வந்துடு.”

மறுபக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. டிக்கெட் கிடைப்பதைப் பொறுத்து ஐந்து வாரமோ ஏழோ ஆகலாம் என்றாள். அதற்குள் எதையாவது செய்து தொலைக்காதீர்கள் என்றாள். என்ன செய்தார் என்று அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

போனை மடியில் வைத்துவிட்டு, வலது கையை முழங்காலின் மேல் பரப்பி ஆள்காட்டி விரலை எழுப்பப் பார்த்தார். கை முந்துமா, அவள் முந்துவாளா தெரியவில்லை. ஒரு மயிரிழை அளவு எழுந்தது போலிருந்தது. எந்தத் தராசிலும் அது தெரியாது. அவர் இன்னொரு முறை முயன்றார்.