விளக்கு மட்டும் எரியும் கருவி

என் மகன் அம்மார் பிறந்து ஏழு மாதமாகிறது. தும்மினால் போச்சு, இருமினால் போச்சு. தொழுகையில் நெற்றி தரையில் பட சுஜூதுக்குக் குனிந்தாலும் சிறுநீர் சொட்டிவிடுகிறது. தொழுகைக்காகக் கை, முகம், கால் கழுவிய ஒளு முறிந்துவிடும், திரும்பக் கழுவிக்கொண்டு வர வேண்டும். “எங்க மர்ஜியாவுக்கு எவ்வளவு பேணுதல் பாத்தீங்களா” என்று, காரணம் தெரியாத என் மாமியார் லப்பைக்குடிக்காடு முழுக்கப் பெருமை பேசுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெரம்பலூர் லேடி டாக்டர், “அடிவயித்துக்குக் கீழ இருக்குற தசை தளர்ந்திருக்கும்மா. இறுக்கி இறுக்கி விடணும். சரியா செய்றமான்னு தெரிய, உள்ள வச்சுப் பாக்குற கருவி இருக்கு” என்றார். இரண்டு வகை. ஒன்று, சரியாக இறுக்கினால் சின்ன விளக்கு எரியும், அவ்வளவுதான். இன்னொன்று போனோடு சேர்ந்தது. கணக்கெல்லாம் ஆப்பில் ஏறும். எனக்கு விளக்குதான் பிடித்தது. யாருக்கும் தெரியாமல் செய்து முடிக்கலாம்.

ஆனால் ஆர்டர் போட வேண்டியது குவைத்திலிருக்கும் என் வீட்டுக்காரர் அல்தாப். எப்படிச் சொல்வதென்று முழித்துக்கொண்டிருந்தேன். அவரே கூப்பிட்டார்.

“தொழுகையில நடுநடுவுல எந்திரிச்சு எங்க போறே? ஹால் கேமராவுல பாத்தேன்.”

திருடனுக்காக மாட்டிய கேமரா. இதுவரை அதில் மாட்டிக்கொண்டது நான்தான். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

“இதை எங்கிட்ட சொல்றதுக்கு என்ன புள்ள?” என்றார். நெஞ்சு லேசானது. கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் என் கஷ்டமே. விளக்குக் கருவியின் படத்தை அனுப்பினேன்.

மறுநாள், “போன்ல சேர்றதை ஆர்டர் போட்டுட்டேன்” என்றார்.

“நான் அதைக் கேக்கலியேங்க.”

“விளக்கு எரிஞ்சா எனக்கு எப்புடித் தெரியும்? உன் போன்ல இருக்குறது என் ஐடிதானே, ஆப்பை இங்கயும் போட்டுக்கிட்டேன். நீ சோம்பேறி. நான் பாத்துக்கறேன், கவலைப்படாதே.”

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். இவ்வளவு அக்கறையை வேண்டாமென்று எப்படிச் சொல்வது?

பார்சல் வந்தது. மாமி கடைக்குப் போன நேரமாகப் பார்த்து, குளியலறையில் டாக்டர் சொன்னபடி செய்தேன். பத்து தடவை. கை கழுவுவதற்குள் போன் அடித்தது.

“மாஷா அல்லாஹ்! நல்லா செஞ்சிருக்கே. ஏழாவது தடவை மட்டும் ஏன் பாதியில விட்டுட்டே?”

“தெரியலைங்க.”

“நாளைக்கு விடாம செய். நான் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்.”

“சரிங்க” என்றேன். கதவைத் தாழ்போட்டுத்தான் வைத்திருந்தேன். எதற்குப் போட்டேன் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.