கன்னியம்மாவைக் கொன்ற பாட்டு

கோவளத்திலிருந்து தாம்பரம் காலனிகளுக்கு மீன் சுமந்து விற்றவள் கன்னியம்மா. எண்பதுகளில் ஒரு காலனியில் பொதுத் தெருவுக்குக் கேட் போட்டு, ‘மீன்காரிகள் உள்ளே வரக் கூடாது’ என்று பலகை மாட்டினார்கள். பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் அந்தப் பூட்டை உடைத்தாள். லாக்கப்பில் கிடந்தாள். கோர்ட்டுக்குப் போய்த் தெருவைத் திரும்ப வாங்கினாள். அதற்குப் பிறகு, எவர் வழியை எவன் மறித்தாலும் ஜனங்கள் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள்.

அவள் வாழ்க்கையை ராக் பாட்டாகப் போட்டிருக்கிறோம் என்று, இரண்டாயிரத்து ஏழில், வண்டலூர்ப் பக்கத்து இன்ஜினீயரிங் கல்லூரிப் பையன் ஷ்யாம்சுந்தர் வந்து அழைத்தான். ராக் என்றால் என்னவென்று அவள் கேட்கவில்லை. இருப்பதில் நல்ல பட்டுப்புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். டிரம்மின் முதல் அடியில் அவளுக்கு நெஞ்சுக்குழி அதிர்ந்தது. அது பிடித்துப்போனதை நினைத்துப் பிறகு அவளுக்கே எரிச்சலாக வந்தது. கிழிந்த ஜீன்ஸில் ஷ்யாம் மண்டையை ஆட்டி ஆட்டிக் கத்தினான். இங்கிலீஷுக்கு நடுவே வந்த தமிழ் மட்டும் புரிந்தது. ‘தனியே வந்தாள், தனியே நின்றாள்!’

கன்னியம்மா உதட்டைப் பிதுக்கினாள். பூட்டை உடைக்கக் கூட வந்த ரேணுகாம்பாளும் சாவித்ரியும் பக்கத்தில் நின்று அடி வாங்கியதெல்லாம் எங்கே போயிற்று?

கடைசியில் கிட்டார் துப்பாக்கி மாதிரி வெடித்தது. ‘குண்டு பாய்ந்த கன்னி, மண்ணில் சாய்ந்த கன்னி’ என்று அலறியபடி ஷ்யாம் மேடையில் மல்லாந்து விழுந்தான். பிள்ளைகள் எழுந்து நின்று விசிலடித்தார்கள்.

பாட்டு முடிந்ததும் வியர்வை வழிய ஓடிவந்தான். “எப்படி இருந்துச்சு ஆன்ட்டி?”

“நான் எப்ப கண்ணு செத்தேன்?”

“அது ஒரு இம்பாக்டுக்காக. கோர்ட்ல ஜெயிச்சீங்கன்னு பாடினா யாரும் ஃபீல் பண்ண மாட்டாங்க.”

“ஓகோ. உனக்கு ஃபீல் வர்றதுக்கு நான் சாவணுமா?”

அவன் சிரித்துவிட்டு, ஒரு புத்தம்புதுப் பிரம்புக் கூடையை நீட்டினான். “சி.டி. அட்டைக்கு ஒரு போட்டோ. இதைத் தலையில வெச்சுக்கோங்க. புடவை மட்டும் கொஞ்சம் பழசா இருந்தா நல்லாருக்கும். ஸ்ம்ருதி, அந்தக் காட்டன் புடவை எங்க?”

கீபோர்டு வாசித்த ஸ்ம்ருதி, சாயம் போன புடவையைக் கையில் வைத்துக்கொண்டு தலை நிமிராமல் நின்றாள்.

கெட்டுப்போன மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து விட்டெறிவாளே, அதே பார்வையால் கன்னியம்மா அவனைப் பார்த்தாள்.

“அன்னிக்கு கேட்டாண்ட நின்னவன் என்னை உள்ள வராதன்னான். திமிர் புடிச்சவன்தான். ஆனா எதிர்ல ஒருத்தி நிக்கறான்னு அவன் கண்ணுக்குத் தெரிஞ்சிது. உனக்கு அது கூட தெர்ல.”

“ஆன்ட்டி, இது உங்களுக்கு நாங்க குடுக்குற ரெஸ்பெக்ட்...”

“தூ! நீயே வெச்சிக்கோ.”

கூடையை அவன் தலையிலேயே கவிழ்த்துவிட்டு நடந்தாள். பின்னாலேயே வந்த ஸ்ம்ருதி, “ஸாரிம்மா” என்றாள்.

“எழுதறப்பவே வாயத் தொறந்திருந்தா இந்த ஸாரி எதுக்கு?” என்றாள் கன்னியம்மா, திரும்பாமலே.

கல்லூரி விழாப் போட்டியில் அந்தப் பாட்டுக்கு முதல் பரிசாம். சில மாதம் கழித்து சி.டி. கூரியரில் வந்தது. அட்டையில் எவளோ ஒரு மாடல் பெண், கூடை சுமந்துகொண்டு வானத்தைப் பார்த்தாள்.

“யாரு அத்த இது?” என்றாள் மருமகள் ஷர்மிளா.

“செத்துப்போனவ” என்றாள் கன்னியம்மா. கையில் பாதி அறுத்த வஞ்சிரம் இருந்தது.