கூண்டா, வாசலா

"உங்க ஃபயர்வால் வாசல்ல நிக்கிற வாட்ச்மேன், அண்ணி. திருடன் உள்ள வந்து பீரோவைத் திறந்து மூட்டை கட்டிக்கிட்டு வெளிய போறப்பதான் 'யாருப்பா நீ'ன்னு கேக்கும்."

"கேக்குதுல்ல? உன் சாண்ட்பாக்ஸ் என்ன பண்ணும்? ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு கூண்டு. இது பல்லு செய்யிற இடமா, மிருகக்காட்சி சாலையா?"

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, பல் செய்யும் பட்டறையின் பின்னறையில், மருமகளும் மகளும் இப்படித்தான் ஆரம்பித்தார்கள். முதலாளியம்மா நடுவில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் மகன், அதாவது மருமகளின் புருஷன், செய்து முடித்த பற்களை டாக்டர்களிடம் கொடுத்து வருகிறேன் என்று விடிந்ததும் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டான். இன்றைக்குப் பார்த்து அவனுக்கு அவ்வளவு சுறுசுறுப்பு.

மருமகளின் இடுப்பில் ஒரு சாவி தொங்கியது. சர்வர் அலமாரிச் சாவி. பதினோரு வருஷமாக அது அங்கேதான் தொங்குகிறது. அலமாரியைத் திறப்பவளும் அவள்தான், பாஸ்வேர்டு தெரிந்தவளும் அவள் ஒருத்திதான். இன்று மதியம் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அந்தச் சாவி யார் இடுப்பில் இருக்கும் என்பதுதான் வழக்கு.

போன மாதம் வந்தது வினை. ஒரு டாக்டர் அனுப்பியதுபோல ஒரு மெயில், அதில் ஒரு தாடை ஸ்கேன். திறந்தார்கள். தாடை திரையில் அழகாகச் சுழன்றது. அது சுழன்றுகொண்டிருந்த நேரத்தில் நோயாளிகளின் பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் எங்கேயோ போய்ச் சேர்ந்துவிட்டன. அதிகம் வேலை கொடுக்கும் டாக்டர் போன் போட்டு, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா எதிர்ப் பட்டறைக்குப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

மேற்படிப்பு முடித்து வீட்டோடு வந்து உட்கார்ந்திருந்த மகளுக்கு அது போதுமானதாக இருந்தது. "பதினோரு வருஷமா அண்ணி என்னத்தக் கட்டிக் காத்தாங்களாம்?" என்று கொடி பிடித்தாள். முதலாளியம்மா இருவருக்கும் மூன்று வாரம் கொடுத்தாள். ஆளுக்கொரு கம்ப்யூட்டர் மெஷினில் அவரவர் காவல் சாமானைப் போடுவது. யாருடையது நிற்கிறதோ அவளுக்குச் சாவி. தோற்றவள் முன்பக்கம் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டும்.

"ரெண்டும் நெட்டுல இனாமா இறக்கினதுதானே?" என்றாள் முதலாளியம்மா. "இனாமா குடுக்கறவன் என்னத்த வெச்சிருப்பானோ?"

"ஓப்பன் சோர்ஸும்மா. உள்ள என்ன எழுதியிருக்குன்னு யார் வேணா படிச்சுப் பாக்கலாம்."

"நீ படிச்சியா?" என்றாள் மருமகள்.

"நீங்க படிச்சீங்களா?"

இருவரும் முதலாளியம்மாவைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார்கள்.

சோதனை இதுதான். ஒருத்தி மெஷினுக்கு இன்னொருத்தி ஒரு போலி ஸ்கேன் தயார் செய்திருந்தாள். திறந்தால் தாடை சுழலும். பின்னால் அது நோயாளிகள் ஃபோல்டரைத் திருடி முதலாளியம்மாவின் லேப்டாப்புக்கு அனுப்பப் பார்க்கும். போய்ச் சேர்ந்தால் லேப்டாப்பில் மணி அடிக்கும். இந்தப் போலியைச் செய்வதில் இரண்டு பேரும் காட்டிய சிரத்தையைக் காவலில் காட்டியிருந்தால் பட்டறை எப்போதோ கோட்டையாகியிருக்கும்.

மகள் முதலில் உட்கார்ந்தாள். திரையில் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து, படபடவென்று ஒரு வரி கட்டளை அடித்து, ஸ்கேன் பார்க்கும் புரோகிராமைக் கூண்டுக்குள் திறந்து, கோப்பைக் கொடுத்தாள். தாடை சுழன்றது. மணி அடிக்கவில்லை.

"பாத்தீங்களா? நோயாளிங்க ஃபோல்டர்னு ஒண்ணு இருக்கிறதே அதுக்குத் தெரியாது."

மருமகள் தன் மெஷினில் திறந்தாள். தாடை பாதி சுழல்வதற்குள் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது: இந்தப் புரோகிராம் வெளியே போகப் பார்க்கிறது, விடலாமா? சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். மணி அடிக்கவில்லை.

"என்னைக் கேக்காம ஒரு எழுத்து வெளிய போகாது, அத்தை."

முதலாளியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "ரெண்டு பேரும் நல்லாத்தான் செஞ்சீங்க. ஆனா இங்க பல்லு செய்யறது நீங்களா? மெழுகு! இங்க வாப்பா."

மெழுகு என்பது பல்லுக்கு மெழுகில் அச்சு எடுப்பவர். ஐம்பது வயது. விரல் நுனியில் இளஞ்சிவப்பு மெழுகோடு வந்து நின்றார்.

"அம்மா, இதுல நான் எதுக்கு..."

"காலையில வந்ததும் ஸ்கேன எப்படிப் பாப்பியோ அப்படிப் பாரு. அவ்வளவுதான்."

மகளின் மெஷின் முன் உட்கார்ந்தார். மெயிலில் வந்தவை கிடக்கும் ஃபோல்டரைத் திறந்தார். கோப்பின் மேல் டக் டக் என்று இரண்டு தட்டு.

லேப்டாப்பில் மணி அடித்தது.

மகள் முகத்தில் ஈயாடவில்லை. "அப்படித் திறக்கக் கூடாது! கீழ நான் ஒரு ஐகான் வெச்சிருக்கேன்ல, அதை அமுக்கிட்டு..."

"நான் எப்பவும் கோப்பத்தாம்மா தட்டுவேன். அது தானாத் தெறக்குமே."

மருமகளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் வயிறு குளிர்ந்தது. "கோப்பத் தட்டினா கூண்டில்லாத பழைய புரோகிராம்தான் திறக்கும், அத்தை. இவ கட்டின கூண்டு இவ திறந்தாதான் கூண்டு. மூணு வாரமா அது காலியாக் கிடந்திருக்கு. சாப்பாடு வெச்சியாடி அதுக்கு?"

"அண்ணி, வாய அடக்குங்க."

"நான் ஏன் அடக்கணும்? முன்னாடி போன் அடிக்குது பாரு, போய் எடு."

மெழுகு எழுந்து மருமகளின் மெஷினுக்கு மாறினார். அவள் இடுப்புச் சாவியைத் தடவிக்கொண்டாள். மறுபடி டக் டக். தாடை சுழன்றது. பெட்டி எட்டிப் பார்த்தது. மெழுகு அதைப் பார்க்கக்கூட இல்லை. கை பாட்டுக்குப் போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டது.

மணி அடித்தது.

"ஐயோ! எதுக்கு அமுக்குனீங்க? என்ன எழுதியிருக்குன்னு பாக்க மாட்டீங்களா?"

"ஒரு நாளைக்கு நாப்பது தடவ வருதும்மா அந்தப் பெட்டி. வந்தா வேல நிக்குது." மெழுகு அவள் முகத்தைப் பார்த்துத் தயங்கினார். "நீங்கதானே சொன்னீங்க, மொதல் வாரத்துல? தொந்தரவா இருந்தா பச்சைய அமுக்கிட்டு வேலையப் பாருங்கன்னு."

சொன்னாள்தான். ஏதோ அவசரத்தில், வாசலில் நின்றபடி சொன்னாள். அப்போது அவர் நாலு தடவை கூப்பிட்டிருந்தார்.

மகள் கை தட்டினாள். "வாட்ச்மேனைத் தூங்கச் சொன்னதே நீங்கதானா! பிரமாதம்!"

"நீ பேசாதே."

"ரெண்டு பேரும் பேசாதீங்க," என்றாள் முதலாளியம்மா. குரல் உயரவில்லை. "டாக்டர் கிட்ட நான் என்ன சொல்றது? ஒருத்தி மிருகத்த வெளிய விட்டுட்டுக் கூண்டப் பூட்டுனாள், இன்னொருத்தி வாசலத் தெறந்துவிடச் சொல்லிக் குடுத்தாள்னா?" கையை நீட்டினாள். "சாவி."

மருமகள் சாவியைக் கையால் மூடிக்கொண்டாள்.

"சாவியக் குடும்மா."

கொக்கியிலிருந்து கழற்ற நேரமாயிற்று. பதினோரு வருஷத்தில் வளையம் நெளிந்து போயிருந்தது.

"ரெண்டு மெஷின்லயும் ரெண்டும் வேணும். மெழுகு ரெண்டு தட்டு தட்டினாலும் கூண்டுக்குள்ளதான் தெறக்கணும். அந்தப் பெட்டி இவனக் கேக்கவே கூடாது. தெரியாதது வெளிய போகக் கூடாது, முடிஞ்சுது. சாவி என்கிட்ட இருக்கும். பாஸ்வேர்டு ஆளுக்குப் பாதி. ஒருத்தி பாதி இன்னொருத்திக்குத் தெரியக் கூடாது. எதை மாத்தணும்னாலும் ரெண்டு பேரும் சேந்து வந்து நில்லுங்க."

"இவங்க கூடவா?"

"இவ கூடவா, அத்தை?"

"முன்னாடி போனை நான் எடுத்துக்கறேன்," என்று அலமாரியைத் திறந்து கொடுத்துவிட்டு முதலாளியம்மா போனாள்.

அலமாரிக்குள் விசிறி இரைந்தது. இதே இடத்தில் மருமகள் எத்தனையோ தடவை தனியாக நின்றிருக்கிறாள். மாமியார் குரலும் நாத்தனார் குரலும் எட்டாத ஓரிடம் இந்த வீட்டில் அவளுக்கு இருந்தது என்றால் அது இதுதான். இப்போது தோளை இடித்துக்கொண்டு இவள்.

"திரும்பிக்கோ," என்றாள் மருமகள்.

"அலமாரிக் கதவுக் கண்ணாடியில தெரியுது, அண்ணி. கையால மறைச்சுக்கோங்க."

மறைத்துக்கொண்டு புதுப் பாஸ்வேர்டில் தன் பாதியை அடித்தாள். பிறகு மகள், உடம்பால் விசைப்பலகையை மூடிக்கொண்டு, தன் பாதியை அடித்தாள். சரிபார்க்க இரண்டாம் தடவை கேட்டது. மறுபடி இவள் பாதி, மறுபடி அவள் பாதி. முதலில் அடித்ததும் இதுவும் வேறு என்று கணினி திருப்பிவிட்டது.

"உங்க பாதிதான்."

"உன் பாதிடி. படபடன்னு அடிச்சா இப்படித்தான்."

"நீங்க ஒத்த விரலால தேடித் தேடி அடிக்கறீங்க, அதுக்குள்ள எனக்கே என் பாதியோட முதல் எழுத்து மறந்து போச்சு!"

முன்பக்கத்திலிருந்து முதலாளியம்மா குரல் கொடுத்தாள். "என்ன, ஆச்சா?"

"ஆச்சு, அத்தை!"

"ஆச்சும்மா!"

ஒரே மூச்சில் வந்தது இரண்டும். ஒருத்தியை ஒருத்தி முறைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

"திரும்பு," என்றாள் மருமகள், கையால் விசைகளை மறைத்துக்கொண்டு.