அரை அங்குலம் குறைந்த சட்டை

அக்காவின் தையல் கடையில் துணி வெட்டுவது நான். ஏழு தடவை அளந்த பிறகுதான் கத்தரிக்கோலைத் தொடுவேன். "என் தங்கச்சி வெட்டினா நூலளவு பிசகாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அக்கா பீற்றிக்கொள்வாள்.

அந்த ஏழில் ஒன்று விட்டுப்போனதாகச் சந்தேகம் வந்தால்கூட அன்று எனக்குச் சாப்பாடு கிடையாது என்பது அவளுக்குத் தெரியாது. சட்டம் போட்டதும் நான்தான், தண்டனை அனுபவிப்பதும் நான்தான். போன வருடம் எலும்பும் தோலுமாக ஆஸ்பத்திரியில் கிடந்து, எடை ஏறித் திரும்பியபோது, நோய் போய்விட்டது என்று வீடே நிம்மதியானது. டாக்டரம்மா மட்டும் நம்பவில்லை.

நேற்று எடை மறுபடி இறங்கியிருந்தது. டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டு, ஏழு கணக்கைக் கறந்துவிட்டார்.

"சாப்பிடாம இருக்கிறது ஒரு நோய்மா. இந்த எண்ணிக்கை இன்னொண்ணு. ரெண்டும் கூட்டுக் களவாணி. ஒண்ணை மட்டும் பிடிச்சா போதாது. நாளைக்கு ஒரு சட்டையை ஒரே தடவை அளந்து வெட்டுங்க. என்ன ஆனாலும் மதியம் சாப்பிடணும். இன்னும் எடை குறைஞ்சா மறுபடி இங்கதான் படுக்கணும்."

இன்று காலை நீலத் துணியை விரித்தேன். ஒரு தடவை அளந்தேன். விரல்கள் அளவு நாடாவை விடவே மாட்டேன் என்றன. "போடி, உன் வேலையைப் பாரு" என்று எனக்குள் இருந்த அதிகாரியை விரட்டிவிட்டு வெட்டினேன்.

தைக்க எடுத்த அக்கா கத்தினாள். "என்னடி இது, சட்டைக் கை அரை இன்ச் குட்டையா இருக்கு?"

இதற்குத்தானே இத்தனை நாள் பயந்தேன்!

"ஒரே தடவைதான் அளந்தேன்க்கா." ஏழு கணக்கையும் சாப்பாட்டுத் தண்டனையையும் மறைக்காமல் சொன்னேன்.

அவள் முகம் சுண்டிப்போனது. "அப்போ இவ்வளவு நாளா நான் பெருமையடிச்சது உன் நோயையா?"

"பின்னே?" எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு அழுகை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தச் சட்டையை என்னடி பண்றது?" என்றாள்.

"கஃப்பை அகலமா வெச்சுத் தைச்சா சரியாயிடும். முதல்ல டிபன் பாக்ஸைத் திற, பசிக்குது."

பசியெல்லாம் இல்லை, பயம்தான். இருந்தாலும் அந்தக் குட்டைக் கையை எதிரே விரித்துவைத்து, அதைப் பார்த்துக்கொண்டே கடைசி வாய் வரை சாப்பிட்டேன்.